முள்வேலிக்குள்ளிருந்து வகுப்பறைக்கு

புதிய நாடொன்றின் வாசலில் வந்து நிற்கும் மனிதனிடம் கேட்கப்படும் கேள்விகள் எமக்குப் புதியனவல்ல. பெயர் என்ன? எந்நாட்டவர்? எவ்வழியாக வந்தீர்? கையில் என்ன பத்திரம் உண்டு? இக்கேள்விகளுக்கு எம்மவர் பலரும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு மறுமொழி கூறியிருக்கின்றனர். அந்த மறுமொழிகள் கோப்புகளாகி, கோப்புகள் இலக்கங்களாகி, அந்த இலக்கங்களாலேயே நாம் அழைக்கப்பட்டும் இருக்கின்றோம். ஆனால், 'உமக்கு என்ன தெரியும்? அதனை இந்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பீரா?' என்ற கேள்வியை எந்த விசாரணை மேசையிலும் எவரும் கேட்டதாக நாம் அறியோம்.

ஊரில் சித்திர ஆசிரியராக விளங்கியவர் இங்கே உணவகமொன்றின் பின்னறையில் கோப்பை கழுவுகிறார். தேர்ச் சிற்பத்திற் கைதேர்ந்த குடும்பத்திற் பிறந்தவர் இங்கே களஞ்சியமொன்றிற் பெட்டி அடுக்குகிறார். இத்தகையோரை நாம் எல்லோரும் அறிவோம். அவர்களுள் சிலர் வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மூலையில் அமர்ந்து வரைகின்றனர். பலர் தூரிகையைத் தொட்டே ஆண்டுகள் பல ஆகிவிட்டன. 'இனி அதனால் என்ன பயன்?' என்பதே அவர்களது சொல்.

அவர்களை மனத்திற் கொண்டே இக்கட்டுரையை எழுதுகின்றோம். நாம் சொல்லவிருப்பது தமிழர் கதையன்று. ஜேர்மனியிலிருந்தும் ஒஸ்திரியாவிலிருந்தும் உயிர் தப்பி ஓடி, தாம் நாடாத ஒரு கண்டத்திற்குக் கைதிகளாக அனுப்பப்பட்டு, ஈற்றிற் பாடசாலைச் சித்திர ஆசிரியர்களாக அமைந்த ஓவியர் ஒருவரதும் சிற்பிகள் இருவரதும் கதை. ஆனால் வாசிக்கும்போது, இவர்களை எங்கோ கண்டிருக்கின்றோமே என்ற எண்ணம் வாசகர்களுக்கு எழக்கூடும்.

ஒரே மாதம், இரு கப்பல்கள்

1940 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 6 ஆம் நாள் 'டுனேரா' என்னும் பிரித்தானியப் படைக்கப்பல் சிட்னித் துறைமுகத்தை அடைந்தது. ஜூலை 10 ஆம் நாள் லிவர்பூலிலிருந்து புறப்பட்ட அக்கப்பலில் ஏறத்தாழ 2,500 பேர் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் ஹிட்லரின் ஆட்சியிலிருந்து தப்பி இங்கிலாந்திற் புகலிடம் பெற்றிருந்த யூதர்கள். பிரான்ஸ் வீழ்ந்து, இங்கிலாந்தின் மீதும் படையெடுப்பு நிகழுமோ என்ற அச்சம் பரவியபோது, பிரித்தானிய அரசு தன் நாட்டிலிருந்த ஜேர்மன், ஒஸ்திரிய ஆண்களைக் கூட்டம் கூட்டமாகக் கைது செய்தது. ஹிட்லரின் எதிரிகளுக்கும் ஹிட்லரின் ஆதரவாளர்களுக்கும் இடையே வேறுபாடு காண அந்த அவசரத்தில் எவருக்கும் பொறுமை இருக்கவில்லை. 'எதிரிநாட்டு அந்நியர்' என்ற ஒரே பெயர் இரு சாராருக்கும் சூட்டப்பட்டது.

அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றிய அக்கப்பலில் அவர்கள் 57 நாட்கள் பயணம் செய்தனர். காவலர்கள் அவர்களது பெட்டிகளைச் சூறையாடினர். சூறையாடி எஞ்சியவற்றைக் கடலில் வீசினர். இச்செய்தி பின்னர் வெளிவந்து, பொறுப்பாயிருந்த படையினர் சிலர் இராணுவ விசாரணைக்கு உட்பட்டனர் என்பது வரலாறு. ஆனால் கடலிற் போன நற்சான்றிதழும் குடும்பப் புகைப்படமும் எந்த விசாரணையாலும் மீளப்போவதில்லை. அவ்வாறு வந்திறங்கியவர்களுள் ஒருவர் லுட்விக் ஹிர்ஷ்ஃபெல்ட் மாக். வயது நாற்பத்தேழு. தொழில் ஓவியம்.

அதே செப்ரெம்பர் மாதத்தில் 'குயீன் மேரி' என்னும் பெருங்கப்பலும் அவுஸ்திரேலியா வந்தது. அதில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவரப்பட்ட ஜேர்மன், ஒஸ்திரியக் குடும்பங்கள் இருந்தன. அவர்களுள் ஒரு சிற்பி, அவரது மனைவி, இரண்டரை வயதுப் பெண் குழந்தை. சிற்பியின் பெயர் கார்ல் டுல்டிக். மனைவி ஸ்லாவாவும் சிற்பி, ஓவியமும் கற்றவர்.

வைமாரிற் கற்ற பாடம்

ஹிர்ஷ்ஃபெல்ட் மாக் 1893 ஆம் ஆண்டு ஜேர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரிற் பிறந்தவர். முதலாம் உலகப்போரில் ஜேர்மன் படையிற் பணியாற்றியவர். போர் முடிந்தபின் வைமார் நகரில் வால்ரர் குறோப்பியஸ் 1919 இல் நிறுவிய 'பௌஹவுஸ்' கலைக்கூடத்திற் சேர்ந்தார். அக்காலத்தில் அதற்கு நிகரான கலைப்பள்ளி வேறு இருந்ததெனக் கூறுவது கடினம். போல் கிளேயும் கண்டின்ஸ்கியும் அங்கே ஆசான்கள். ஓவியனும் தச்சனும் நெசவாளியும் ஒரே கூரையின் கீழ்ப் பயில வேண்டும் என்பதும், கைத்தொழில் அறியாத கலை முழுமை பெறாது என்பதும் அப்பள்ளியின் கொள்கைகள். புதிதாகச் சேரும் மாணவர்களிடம் தாளும் கம்பியும் மரத்துண்டும் கொடுத்து, முதலில் அவற்றின் இயல்பைக் கைகளால் அறியுமாறு பணிப்பர். படம் வரைவது அதற்குப் பின்னர்தான்.

நம் ஊர்ச் சிற்பாசாரிமாருக்கு இக்கொள்கை வியப்பளிக்காது. உளி பிடிக்குமுன் கல்லைத் தட்டி அதன் ஓசையைக் கேட்கப் பழகுவதே அவர்களது முதற்பாடம். ஐரோப்பா அந்த உண்மையை ஒரு பள்ளியாக அமைத்துக்கொண்டது என்று சொன்னால் மிகையாகாது.

ஹிர்ஷ்ஃபெல்ட் மாக் அங்கே அச்சுக்கூடத்திற் பயின்றார். அவரது மனம் நிறங்களின் பால் ஈர்க்கப்பட்டது. 1922 ஆம் ஆண்டு விளக்கு விழாவொன்றிற்காக நிழலாட்டம் ஒன்றினை மாணவர்கள் ஆயத்தம் செய்துகொண்டிருந்தனர். விளக்கொன்றை மாற்றும் வேளையில், திரையில் விழுந்த நிழல் தற்செயலாக இரண்டாயிற்று. இரு விளக்குகளுக்கும் நிறக் கண்ணாடியிட்டபோது ஒரு நிழல் ஒரு நிறமாகவும் மற்றையது வேறொரு நிறமாகவும் தோன்றியது. மற்றவர் இதனைப் பிழையெனக் கருதித் திருத்தியிருப்பர். இவரும் இவரது தோழர்களும் அப்பிழையைப் பற்றிக்கொண்டு, ஒளியும் இசையும் இணைந்த 'நிற ஒளி ஆட்டம்' என்ற புதுக் கலையை ஆக்கினர். அசையும் ஒளியைக் கலையாக்கிய முன்னோடிகளுள் ஒருவர் என இன்று அவர் போற்றப்படுவதற்கு அதுவே காரணம்.

அவர் உருவாக்கிய இன்னொரு பொருள் குழந்தைகளுக்கானது. அது ஒரு பம்பரம். பல நிறப் பட்டைகள் தீட்டிய வட்டத் தட்டுகளை அதன்மேல் மாற்றி மாற்றிப் பொருத்திச் சுழற்றலாம். சுழலும்போது நிறங்கள் கண்ணுக்குள் கலந்து புதிய நிறமாகத் தோன்றும். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் என்னவாகும் என்பதை ஆசிரியர் சொல்லத் தேவையில்லை. பிள்ளை சுழற்றிப் பார்த்துத் தானே அறிந்துகொள்ளும். 1920களிற் செய்யப்பட்ட இப்பம்பரம் பிற்காலத்தில் சுவிற்சர்லாந்தில் மீண்டும் தயாரிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. ஒரு பிள்ளைக்கு எவ்வாறு கற்பிப்பது என்பதை அவர் இளமையிலேயே எண்ணத் தொடங்கியிருந்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1925 இல் பௌஹவுஸ் வைமாரை விட்டு நீங்க நேர்ந்தபின் அவர் ஜேர்மனியிற் பாடசாலையிலும் ஆசிரியர் பயிற்சி நிலையங்களிலும் கற்பித்தார். 1933 இல் நாஸிகள் ஆட்சிக்கு வந்தனர். யூத வம்சாவளியினரை அரச பணிகளிலிருந்து அகற்றும் சட்டம் அவ்வாண்டு ஏப்ரலிலேயே பிறந்தது. பௌஹவுஸும் அவ்வாண்டிலேயே மூடப்பட்டது. யூதத் தந்தைவழியில் வந்த ஹிர்ஷ்ஃபெல்ட் மாக்கிற்கு ஜேர்மனியில் ஆசிரியராக வாழும் வழி அடைபட்டது. 1936 இல் அவர் இங்கிலாந்து சேர்ந்தார். தென் வேல்ஸில் வேலையிழந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கான உதவித் திட்டமொன்றிற் பணியாற்றினார். கிளேயின் மாணவர் சுரங்கத் தொழிலாளரிடையே கைப்பணி புரிந்தார். நான்கு ஆண்டுகளின் பின் அதே நாடு அவரைக் கப்பலேற்றியது.

வேலியின் மீது எழுந்த விண்மீன்கள்

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் உட்பகுதியில், வெயிலும் புழுதியும் சூழ்ந்த ஹே என்னும் ஊரில் அவர்களுக்கான முகாம் அமைந்தது. பின்னர் ஒறேஞ் என்னும் இடத்திற்கும், அதன்பின் விக்ரோரியா மாநிலத்தின் டற்றூராவிற்கும் அவர்கள் மாற்றப்பட்டனர்.

அம்முகாமில் நிகழ்ந்ததை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது. பேராசிரியர்களும் மாணவர்களும் இசைவாணர்களும் கைதிகளாக அங்கே இருந்தனர். அவர்கள் தமக்குள்ளே ஒரு பல்கலைக்கழகத்தையே நடத்தினர். இசைநிகழ்ச்சிகள் அரங்கேறின. முகாமுக்குள் மட்டும் செல்லுபடியாகும் பணத்தாள்களைக்கூட அச்சிட்டுக்கொண்டனர். ஜோர்ஜ் ரெல்ச்சர் என்னும் கைதி அவற்றை வரைந்தார். பணத்தாளின் ஓரத்தில் அழகிய கோலம் போலச் சுழன்று செல்லும் முள்வேலியை உற்றுநோக்கினால், அதனுள்ளே எழுத்துகள் மறைந்திருப்பது தெரியும். தாம் காரணமின்றி அங்கே வைக்கப்பட்டிருப்பதை அந்த எழுத்துகளிற் கைதிகள் எள்ளி நகையாடியிருந்தனர்.

ஹிர்ஷ்ஃபெல்ட் மாக் கிடைத்த மரத்துண்டுகளைச் செதுக்கி அச்சோவியங்கள் ஆக்கினார். 1941 இல் அவர் செதுக்கிய ஓர் அச்சோவியம் இன்று அவுஸ்திரேலியக் கலைவரலாற்றில் நிலைபெற்றுவிட்டது. அதன் தலைப்பை 'பாழ்நிலை' என்று தமிழிற் கூறலாம். இரவு, முள்வேலி, வேலியருகே முதுகு காட்டி நிற்கும் தனியொரு மனிதன், மேலே தென்சிலுவை விண்மீன்கள். அவ்வளவே. தென்கோளத்து மக்கள் தம் கொடியில் ஏந்தும் விண்மீன்களை ஒரு கைதி வேலிக்குள் நின்று நோக்குகிறான். தஞ்சம் கோரிவந்து தடுப்பு முகாமில் இரவைக் கழித்தவர்களுக்கு அப்படத்தை விளக்க எவரும் தேவையில்லை. அவுஸ்திரேலியத் தடுப்பு முகாம்களில் எம்மவரும் ஆண்டுக்கணக்கில் அதே விண்மீன்களை நோக்கியிருக்கின்றனர்.

சிற்பியும் குடை செய்த பெண்ணும்

இனி மற்றைய கப்பலில் வந்தவர்களிடம் செல்வோம். கார்ல் டுல்டிக் 1902 இல், இன்று போலந்திலுள்ள பிஷெமிஷில் நகரிற் பிறந்து வியன்னாவில் வளர்ந்தவர். அங்கே அன்ரன் ஹானக் என்னும் புகழ்பெற்ற சிற்பியிடம் பயின்றார். விளையாட்டிலும் வல்லவர், வியன்னாவின் யூத விளையாட்டுக் கழகமான ஹக்கோவாவின் உதைபந்தாட்ட அணியில் இலக்குக் காப்பாளராக ஆடியவர். ஸ்லாவாவும் ஹானக்கின் மாணவியே. 1931 இல் இருவரும் மணம் புரிந்தனர்.

ஸ்லாவாவைப் பற்றி வாசகர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மடித்துக் கைப்பையுள் வைக்கக்கூடிய சிறிய குடை இன்று எம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கின்றது. அத்தகைய மடக்குக் குடையொன்றினை வடிவமைத்து 1929 இல் வியன்னாவிற் காப்புரிமை பெற்றவர் இப்பெண்மணி. நீண்ட குடையைச் சுமந்து திரிவதில் ஏற்பட்ட சலிப்பே அதற்குத் தூண்டுகோல். அக்குடை சந்தைக்கு வந்து நன்கு விலைபோயிற்று.

1938 பெப்ரவரியில் அவர்களுக்கு மகள் பிறந்தாள். அடுத்த மாதமே ஹிட்லரின் படை ஒஸ்திரியாவிற் புகுந்தது. கணவர் முன்னேயும் மனைவி குழந்தையுடன் பின்னேயுமாகச் சுவிற்சர்லாந்து சேர்ந்தனர். அங்கே நிலைத்திருக்க இடமில்லை. 1939 இல் சிங்கப்பூர் சென்றனர். அவ்வூரிற் சிற்ப வேலைகள் கிடைத்தன. கலை வகுப்பும் நடத்தினர். சற்றே மூச்சு விடலாம் என எண்ணிய வேளையில் போர் அங்கேயும் அவர்களைத் தேடி வந்தது. பிரித்தானியரின் கணக்கில் அவர்கள் ஒஸ்திரியர். ஆகவே எதிரிநாட்டு அந்நியர். வியன்னாவில் யூதரெனத் துரத்தப்பட்டவர்கள், சிங்கப்பூரில் ஹிட்லரின் குடிகளெனப் பிடிக்கப்பட்டனர். டற்றூராவிற் குடும்பங்களுக்கென இருந்த முகாமில் அவர்கள் வைக்கப்பட்டனர். ஹானக்கின் மாணவர் என்ற பெருமையும் காப்புரிமைப் பத்திரமும் அந்த வாசலில் எவருக்கும் பொருட்டாகவில்லை.

1942 இல் நிலைமை சற்று மாறியது. அகதிகளைக் கொண்டு அவுஸ்திரேலியப் படையில் 8 ஆவது தொழிற்படைப் பிரிவு அமைக்கப்பட்டது. ஆயுதமற்ற அப்பிரிவினர் பழம் பறித்தனர். புகையிரத நிலையங்களிலும் துறைமுகங்களிலும் சுமை ஏற்றி இறக்கினர். கல்லிலும் வெண்கலத்திலும் மனித முகங்களை வடித்த கார்ல் டுல்டிக்கும் அப்பிரிவிற் சேர்ந்தார். முகாமிலிருந்து வெளியேற அதுவே வழி. களஞ்சியத்திற் பெட்டி அடுக்கும் எம் சிற்பாசாரி இந்த இடத்தைச் சற்று நிறுத்தி வாசிக்க வேண்டுகின்றோம்.

ஓர் அதிபரின் துணிவு

டற்றூராவிலிருந்த ஹிர்ஷ்ஃபெல்ட் மாக்கிற்கு விடுதலை வேறு வழியாக வந்தது. விக்ரோரியா மாநிலத்தில் ஜீலோங் கிராமர் என்பது செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் பயிலும் பாடசாலை. அதன் அதிபர் ஜேம்ஸ் டார்லிங் ஆங்கிலேயர். கலையும் இசையும் கைவேலையும் கல்வியின் ஒதுக்க முடியாத உறுப்புகள் என நம்பியவர். முள்வேலிக்குள் பௌஹவுஸ் ஓவியர் ஒருவர் இருப்பதை அறிந்த அவர், அம்மனிதரைத் தம் பாடசாலைக்குத் தருமாறு முயன்று 1942 இல் வெற்றியும் கண்டார்.

அன்றைய சூழலை எண்ணிப் பார்த்தால் இச்செயலின் பெறுமதி புலப்படும். போர் உச்சத்தில் இருந்தது. மாணவர்களின் தந்தையரும் தமையன்மாரும் போர்முனையில் இருந்தனர். அத்தகைய நேரத்தில் ஜேர்மன் மொழி வாடை வீசும் ஆங்கிலம் பேசுபவரை, நேற்றுவரை கைதியாக இருந்தவரை, அப்பிள்ளைகளின் முன்னே ஆசிரியராக நிறுத்துவது எளிதான செயலன்று. அரசு அவரிடம் 'எந்நாட்டவர்?' என்று கேட்டது. டார்லிங் ஒருவர்தான் 'என்ன தெரியும்?' என்று கேட்டார்.

எல்லோருக்கும் ஒரு டார்லிங் வாய்ப்பதில்லை என்பதை நாம் மறுக்கவில்லை. டுனேராவில் வந்தவர்களுள் பலர் மீண்டும் இங்கிலாந்து சென்றனர். ஏறத்தாழ 900 பேர் அவுஸ்திரேலியாவிலேயே தங்கினர். அவர்களுட் பேராசிரியரும் அறிஞரும் ஆனோர் உண்டு. பெயரின்றித் தொழிற்சாலைகளில் உழைத்து ஓய்ந்தோரும் உண்டு. திறமை இருந்தால் உலகம் தேடி வரும் என்று சொல்லி எம் வாசகர்களை ஏமாற்ற நாம் விரும்பவில்லை. ஒரு மனிதனின் திறமையைக் காண இன்னொரு மனிதனுக்குக் கண் வேண்டும். கண்டபின் கையெழுத்திடத் துணிவும் வேண்டும். புலம்பெயர்ந்தோரின் வாழ்வு பல சமயங்களில் அத்தகைய ஒரு கையெழுத்தில் தங்கியிருக்கின்றது.

வகுப்பறையில் நிகழ்ந்தது

1942 தொடக்கம் 1957 வரை பதினைந்து ஆண்டுகள் ஹிர்ஷ்ஃபெல்ட் மாக் அப்பாடசாலையின் சித்திர ஆசிரியராக இருந்தார். ஆங்கிலப் பாடசாலைகளிற் சித்திர வகுப்பு என்பது பெரும்பாலும் மேசைமேல் வைத்த குவளையையும் பழத்தையும் பார்த்து வரைவதாக இருந்த காலம் அது. இவரோ வைமாரிற் கற்றதை அப்பிள்ளைகளுக்கு ஏற்றவாறு மாற்றிக் கொடுத்தார். மரத்தையும் துணியையும் தாளையும் தொட்டு, மடித்து, வெட்டி, அவற்றின் தன்மையை அறியச் செய்தார். நிறங்களைக் கொண்டு விளையாட விட்டார். நிறத்தால் அடையாளமிடப்பட்ட நரம்புகளைக் கொண்ட எளிய இசைக்கருவிகளை ஆக்கினார். இசைக்குறியீடு வாசிக்கத் தெரியாத பிள்ளையும் நிறத்தைப் பார்த்து மீட்டினால் சுரங்கள் இணைந்தொலிக்கும். 'எனக்குச் சித்திரம் வராது', 'எனக்குச் சங்கீதம் வராது' என்று ஒதுங்கும் பிள்ளையை உள்ளே அழைத்து வருவதே அவரது முறையின் உயிர்நாடி எனலாம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவர் தம் பழைய கல்வியைப் பெட்டியிற் பூட்டி வைத்துவிட்டுப் புதிய நாட்டாரைப் போல நடிக்கவில்லை. அதே வேளை, 'வைமாரில் இவ்வாறன்றோ செய்தோம்' என்று பழம்பெருமை பேசிக்கொண்டும் இருக்கவில்லை. வைமாரின் பாடம் ஜீலோங்கின் பிள்ளைகளுக்கு எவ்வகையிற் பயன்படும் என்பதே அவரது சிந்தனையாக இருந்தது. ஓய்வு பெற்றபின் 1963 இல் பௌஹவுஸ் பற்றி ஆங்கிலத்தில் ஓர் அறிமுக நூல் வெளியிட்டார். 1964 இல் ஜேர்மனி சென்று, தம் இளமைக்கால நிற ஒளி ஆட்டத்தை மீளமைக்க உதவினார். அடுத்த ஆண்டு ஜனவரியில் சிட்னியிற் காலமானார். துரத்திய நாடு அவரை மீண்டும் அழைத்தது. அவர் சென்று கற்பித்தார். தம் புதிய வீட்டிற்குத் திரும்பி வந்து கண்மூடினார்.

கார்ல் டுல்டிக்கின் பாதையும் அவ்வழியே சென்றது. 1945 இல் அவர் மெல்பேர்ணின் மென்ரோன் கிராமர் பாடசாலையிற் சித்திர ஆசிரியராகச் சேர்ந்தார். 1967 வரை இருபத்திரண்டு ஆண்டுகள் அங்கே கற்பித்தார். ஸ்லாவா சென் கதரின் மகளிர் பாடசாலையில் ஆசிரியையானார். தொடக்க காலத்தில் வருமானம் போதாமையால் இருவரும் வீட்டிலேயே மட்பாண்டங்கள் வனைந்து சூளையிட்டு விற்றனர். பகலிற் பாடசாலை, மாலையிற் களிமண், இடையிற் குழந்தை. சிற்பங்கள் எஞ்சிய நேரத்தில் எழுந்தன. ஆயினும் எழுந்தன. நாஸிகளாற் கொல்லப்பட்டோர் நினைவாகவும் பொது இடங்களுக்காகவும் கார்ல் வடித்தவை இன்றும் மெல்பேர்ணில் உள்ளன. முகாமில் நடை பழகிய அவர்களது மகள் டென்னிஸ் வீராங்கனையாகி விம்பிள்டனில் ஆடினார். பிற்காலத்தில் தம் குடும்பத்தின் கதையை நூலாகவும் எழுதினார்.

வியன்னா வீட்டுப் பொருட்களுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். புறப்படும் வேளையில் அவை பாரிஸில் வாழ்ந்த ஸ்லாவாவின் சகோதரியிடம் சேர்ப்பிக்கப்பட்டன. ஜேர்மன் படை பாரிஸை ஆண்ட காலம் முழுவதும் அச்சகோதரி அவற்றை நிலவறையில் மறைத்துக் காத்தார். பல ஆண்டுகளின் பின் அவை மெல்பேர்ண் வந்து சேர்ந்தன. டுல்டிக் குடும்பம் வாழ்ந்த கிழக்கு மல்வேர்ண் வீடு இப்போது ஒரு காட்சியகம். வியன்னாவின் நாற்காலியும் மேசையும் அவுஸ்திரேலியக் களிமண்ணிற் செய்த பாத்திரங்களும் அங்கே ஒரே அறையில் இருக்கின்றன.

இறக்கமா?

கண்டின்ஸ்கியின் அருகே இருந்து பயின்றவர் பாடசாலைச் சிறுவர்களின் தூரிகை கழுவுவதை மேற்பார்வை செய்ய நேர்ந்தது இறக்கம் ஆகாதா? இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க நாம் விரும்பவில்லை. இழப்பு நிகழ்ந்தது உண்மை. ஜேர்மனியில் அமைதி நிலவியிருந்தால் ஹிர்ஷ்ஃபெல்ட் மாக்கின் பெயர் இன்று வேறோர் உயரத்தில் இருந்திருக்கலாம். ஸ்லாவாவின் கைகளிலிருந்து இன்னும் எத்தனை சிற்பங்கள் பிறந்திருக்குமோ. அந்த ஆண்டுகளைத் திருப்பித் தர எவராலும் இயலாது. 'எல்லாம் நன்மைக்கே' என்று அகதியைப் பார்த்து ஊரிலிருப்பவர் சொல்வது எளிது. அகதி அதனைச் சொல்லமாட்டான்.

ஆனால் ஆசிரியத் தொழிலே இறக்கம் என்ற எண்ணத்தை நாம் ஏற்கமாட்டோம். மொழி இழந்தவனுக்கு ஓவியம் ஒரு மொழி. இலக்கணப் பிழையின்றி ஆங்கிலம் பேசும் மாணவனுக்கு முன்னே, தட்டுத்தடுமாறிப் பேசும் ஆசிரியர் களிமண்ணை எடுத்துக் கையில் உருட்டிய கணத்திலே யார் அறிந்தவர், யார் அறியாதவர் என்பது தெளிவாகிவிடுகிறது. நாடிழந்த மனிதனுக்கு மதிப்பு மீண்டும் கிடைக்கும் இடங்களுள் வகுப்பறை முதன்மையானது. அங்கே அவனிடம் எவரும் பத்திரம் கேட்பதில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்றே கேட்கின்றனர்.

எம்மிடத்தே

இனி எம் வீட்டுக்குள் நோக்குவோம். டார்லிங் போன்ற ஓர் அதிபர் வரவில்லையே என்று ஏங்கும் நாம், எம்மிடையே வாழும் கலைஞரிடம் 'என்ன தெரியும்?' என்று கேட்டிருக்கின்றோமா? கோயிற் திருவிழாவிற்கு அலங்காரம் செய்யவும், கலைவிழா மேடைக்குத் திரைச்சீலை தீட்டவும் அவரை அழைக்கின்றோம். விழா முடிந்ததும் மறந்துவிடுகின்றோம். வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளில் மொழியும் சமயமும் நடனமும் வாய்ப்பாட்டும் கற்பிக்கப்படுகின்றன. சித்திரத்திற்கும் சிற்பத்திற்கும் இடமளிக்கும் பாடசாலைகள் மிகச் சிலவே. பிள்ளை வரைந்தால், 'படிப்பைப் பார்' என்கின்றோம். மருத்துவரும் பொறியியலாளரும் வேண்டியதுதான். ஆனால் ஒரு சமூகம் தன் துயரத்தைத் தன் கையால் வரைந்து வைக்காவிடில், அதனை மற்றவர் வரைவர். அல்லது எவரும் வரையார்.

கலைஞரிடமும் ஒரு சொல். வாழும் நாட்டின் ஆசிரியத் தகைமை பெறுவது கடினந்தான். மொழித் தேர்வும் ஆண்டுகளும் செலவும் அதில் அடங்கும். அதற்கு முன்னரும் வாசல்கள் உண்டு. சமூக நிலையத்தின் மாலை வகுப்பு, முதியோர் இல்லம், பாடசாலைக்குப் பிந்திய பிள்ளைகள் நிலையம், எம் தமிழ்ப் பாடசாலையின் ஒரு மணி நேரம். தென் வேல்ஸின் சுரங்கத் தொழிலாளரிடையே ஹிர்ஷ்ஃபெல்ட் மாக் தொடங்கியது அத்தகைய வாசலொன்றில்தான்.

எம் தமிழ்ப் பாடசாலை அதிபர்களுக்கும் பெற்றோருக்கும் எமது வேண்டுகோள் சிறியது. வரும் தவணையிலே ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள். கொஞ்சம் களிமண்ணும் தாளும் நிறமும் வாங்கி வையுங்கள். பின்னர் உணவகத்தின் பின்னறைக்குச் சென்று அந்த மனிதரை அழையுங்கள். கோப்பைகளை ஒரு நாள் வேறொருவர் கழுவட்டும்.